ஐந்தாவது குவளை

மார்ச் 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கத்தியதும் நீங்கள் பாதிப் பேச்சில் வைத்துவிட்டதும் உங்களுக்கு மறந்திருக்காது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் கத்தவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுத்தில் கோபப்படுவதற்கு அவர் தடை சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை அனுப்பிய போட்டோ வந்தது. புதுத் தையல் மெஷினுக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவர், இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. சந்தோஷம். படம் எடுத்தது என் மகள் பாப்பாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் காலமெல்லாம் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் ஒரு அறையின் படத்தைக் கையில் வாங்கினால் ஆட்களை முதலில் பார்க்க மாட்டான், கூரையைத்தான் பார்ப்பான். உங்கள் கூரையில் என் விளக்கு இல்லை. கொக்கி மட்டும் இருக்கிறது. தள்ளி ஒரு டியூப் லைட்.

அது என்ன விளக்கு என்று கல்யாணத்தன்றே உங்களிடம் சொன்னேன். நீங்கள் அப்போது பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள், காதில் விழுந்திருக்காது. மறுபடி சொல்கிறேன். வடகோடியில் ஒரு துறைமுகத்தில் பழைய பயணிகள் கப்பல் ஒன்றைப் புதுப்பித்தோம். அதன் சாப்பாட்டுக் கூடத்தில் தொங்கிய விளக்குகளையெல்லாம் கழற்றிக் கரையில் குப்பையாகக் கொட்டினார்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள சீஃப் இன்ஜினீயர் அனுமதித்தார். பித்தளை வளையம், ஐந்து கை, ஒவ்வொரு கையிலும் தேன் நிறத்தில் ஒரு கண்ணாடிக் குவளை. வாயால் ஊதிச் செய்த கண்ணாடி, உள்ளே காற்றுக்குமிழ்கள் தெரியும். என் குளிர் கோட்டை அதற்குச் சுற்றிவிட்டு நான் நடுங்கிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். அந்தக் குளிர்நாட்டு ஸ்காண்டிநேவிய வேலைப்பாடு, உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்று பிற்பாடு ஒரு பழம்பொருள் வியாபாரி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஒரு குவளையை பாப்பா நாலு வயதில் பந்தெறிந்து உடைத்தாள். போன துறைமுகத்திலெல்லாம் அதற்கு ஜோடி தேடினேன், கிடைக்கவே இல்லை. கடைசியில் ஒரு ஜாம் பாட்டிலின் அடியை அறுத்து, தேன் நிறத்தில் வார்னிஷ் பூசி மாட்டினேன். கொஞ்சம் தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது. அதன் வாயில் மூடி திருகுகிற மரை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

தாயில்லாத பெண்ணுக்கு அப்பன் வீட்டிலிருந்து கொடுத்தனுப்ப என்னிடம் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் அதைக் கூடத்திலேயே நடத்துகிற தையல் கடையில், துணி வெட்டுமேசைக்கு மேலே மாட்டிக்கொண்டபோதே எனக்கு வயிற்றெரிச்சல்தான். "எல்லாரும் அங்கதான்ப்பா உட்கார்ந்திருப்போம்" என்று பாப்பா சொன்னதால் வாயை மூடிக்கொண்டேன். இப்போது அங்கேயும் இல்லை. பாப்பாவோ போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. வீடியோவைப் போடச் சொன்னால் நெட் சரியில்லை என்கிறாள். நடுக்கடலிலேயே நெட் வருகிற காலம் இது.

விளக்கு எங்கே? என் மகள் அங்கே நன்றாக இருக்கிறாளா? இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


மார்ச் 8

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற மாதம் இது, உட்கார்ந்தால் மெஷினில்தான் உட்கார வேண்டும். நீங்கள் நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவ்வளவு ஓய்வு இல்லை.

விளக்கை விற்கவில்லை. அடகு வைக்கவில்லை. உடைக்கவும் இல்லை. வீட்டில்தான் இருக்கிறது. கூடத்தில் ஏன் இல்லை என்று கேட்டால் அதை நான் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்றால் சொல்ல முடியாதுதான். என்னைக் கோர்ட்டில் ஏற்றினாலும் இதே பதில்தான்.

கடைக்கு எடுத்துக்கொண்டேன் என்று வருஷக்கணக்கில் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறீர்கள். நல்லது, வெளியே வந்ததே போதும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவளுக்குத்தான் அந்த விளக்கின் அருமை தெரியும். ஐந்து பக்கமிருந்தும் வெளிச்சம் விழுவதால் என் கை நிழல் துணியில் விழாது. உங்கள் மகளும் அந்த மேசையில்தான் கணக்கு எழுதுவாள், என் பையனும் அங்கேதான் சாப்பிடுவான். அதை ஒரு அறையில் தனியாக மாட்டி, மாதம் ஒருமுறை துடைத்துக் கும்பிட்டிருந்தால் உங்களுக்குத் திருப்தியாக இருந்திருக்குமோ என்னவோ.

உங்கள் மகளை என் வீட்டில் எப்படி வைத்திருக்கிறேன் என்று கேட்கிறீர்கள். எனக்கென்று ஒரு பெண் பிறந்திருந்தால் எப்படி வைத்திருப்பேனோ அப்படி. இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தில் மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

சம்பந்தி


மார்ச் 12

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

மாத்திரையை மறக்கவில்லை. உங்கள் அக்கறைக்கு நன்றி.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாளைக் கிழித்து வைத்திருக்கிறேன். அந்தப் பழம்பொருள் வியாபாரி எனக்கு ஒவ்வொரு முறையும் தன் விற்பனைப் புத்தகத்தை அனுப்புவார். நேற்று வந்ததில் அட்டையைத் திருப்பியதும் முதல் பக்கத்திலேயே என் விளக்கு. அதே வளையம், அதே ஐந்து கை, அதே தேன் நிறம். ஐந்து குவளையும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கின்றன. அப்படியென்றால் என் ஜாம் பாட்டிலைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ அசல் குவளையைத் தேடிப் பிடித்து மாட்டி, அதன் பிறகு விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். நான் ஆயுசு முழுக்கத் தேடியது வியாபாரிகளுக்கு ஒரே மாதத்தில் கிடைத்துவிடும் போலிருக்கிறது.

உலகத்தில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருக்கிறது என்கிறார்கள். உங்கள் கூடத்தில் ஒன்று காணாமல் போன அதே சமயத்தில் இங்கே ஒன்று முளைத்திருக்கிறது. நான் என்ன நினைக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வீட்டில்தான் இருக்கிறது என்கிறீர்கள். சரி. அப்படியானால் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். அன்றைய செய்தித்தாளையும் பக்கத்தில் வைத்து எடுங்கள். பிள்ளை கடத்துகிறவர்களிடம் கேட்கிற மாதிரி இருக்கிறதே என்று நீங்கள் நினைத்தால், ஆமாம், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

படம் வராவிட்டால் நானே புறப்பட்டு வருவேன். டாக்டர் பயணம் கூடாது என்றால் டாக்டரையும் கூட்டிக்கொண்டு வருவேன். வந்தால் விளக்கோடு மட்டும் திரும்ப மாட்டேன். பாப்பாவையும் அழைத்துக்கொண்டுதான் வருவேன்.

பாப்பாவின் அப்பா


மார்ச் 17

சம்பந்தி அவர்களுக்கு,

படம் இத்துடன் இருக்கிறது. இன்றைய பேப்பரும் இருக்கிறது, கதவு நிலையில் குண்டூசியால் குத்தியிருக்கிறேன். ஜாம் பாட்டிலின் மரை தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம். இதைக் கோபத்தில் சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன். இப்போது வர வேண்டாம்.

சம்பந்தி


மார்ச் 21

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

படம் கிடைத்தது. மரை தெரிகிறது. என் விளக்குதான். திருட்டுப் பட்டம் கட்டியதற்கு என்னை மன்னியுங்கள். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

மற்றது என்னவென்றால், அதைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். ஐந்து குவளையும் வாயைப் பிளந்துகொண்டு கூரையைப் பார்க்கின்றன. பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. கூரைக்கு வெளிச்சம் காட்டுவதற்கா அதைக் கடல் கடந்து தூக்கி வந்தேன் என்று ஒரு பக்கம் முழுக்கத் திட்டி எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, தொங்கவிட்டிருக்கிற பட்டை என்ன பட்டை என்று பார்ப்பதற்காகப் பூதக்கண்ணாடியை மறுபடியும் எடுத்தேன். அதன் பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அம்மா, எனக்கு மனிதர்களைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்கத் தெரியாது. வெளிச்சத்தைப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். அந்த அறை கூடம் இல்லை, படுக்கை அறை. ஐந்து குவளையிலும் இருக்கிற பல்புகள் கடையில் கிடைப்பதிலேயே மிகச் சின்னவை. ஜன்னலுக்கு இரண்டு மடிப்பில் கறுப்பு லைனிங் துணி அடித்திருக்கிறீர்கள். இவ்வளவு சின்ன பல்பைப் போட்டு, அதையும் கூரைப் பக்கம் திருப்பி, பகல் வெளிச்சத்தையும் அடைத்து வைக்கிறவர்கள் அழகுக்காகச் செய்வதில்லை. கட்டில் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு ஒரு தலையணை இருக்கிறது, அதன் நடுவில் ஓட்டை. கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் கீழே தரையில், உங்கள் கடையில் உடுப்பைப் போட்டுப் பார்க்கிற நிலைக்கண்ணாடியைப் படுக்க வைத்திருக்கிறீர்கள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. புரியாதவரைக்கும் நல்லது என்றும் தோன்றுகிறது.

உங்கள் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். விற்கவில்லை, உடைக்கவில்லை என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். என் மகள் நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. பொய் எழுத உங்களுக்குக் கை வரவில்லை என்று நினைக்கிறேன். மெஷினோடு எடுத்த போட்டோவிலும் அவள் இல்லை. அவள்தான் எடுத்தாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

போனை எடுத்து எடுத்துக் கீழே வைக்கிறேன். அவளிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே ஒன்றும் இல்லை என்பாள். அதனால் உங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் யார் கண்ணில் வெளிச்சம் படக்கூடாது?

பாப்பாவின் அப்பா


மார்ச் 24

சம்பந்தி அவர்களுக்கு,

தபாலை நம்பாமல் கூரியரில் அனுப்புகிறேன். முதலில் ஒன்றைப் படித்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. இப்போது உட்கார்ந்துகொண்டு மீதியைப் படியுங்கள். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒருநாள் மாலை மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், "அத்தை, ஒரு பக்கம் திரை இறங்குது" என்றாள். நான் அப்போது ஒரு ஹோட்டலுக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, இறங்கினால் மடித்துத் தைத்துக்கொள்ளலாம் விடு என்றேன். நிமிர்ந்து பார்த்தால் இடது கண்ணைக் கையால் மூடி மூடித் திறக்கிறாள். அந்தக் கண்ணில்தான் ஓரத்திலிருந்து கறுப்பாகத் திரை இறங்கிக்கொண்டிருந்தது. விழித்திரை கிழிந்து பிரிகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாளே ஆபரேஷன்.

கண்ணுக்குள் ஒரு காற்றுக்குமிழை வைத்திருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடித்து ஒட்ட வைக்குமாம். அதற்காக அவள் குப்புறவே படுத்திருக்க வேண்டும், குனிந்தேதான் சாப்பிட வேண்டும். முகம் புதையாமல் இருக்கத் தலையணையை எடுத்து, சட்டைக்குக் கழுத்து வெட்டுவது போல நடுவில் வெட்டி ஓரம் அடித்துக் கொடுத்தேன். நீங்கள் பார்த்த ஓட்டை அதுதான், படம் எடுத்தபோது அவள் கூடத்தில் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கடைக் கண்ணாடியைக் கீழே போட்டேன். அதில் நாங்கள் வருவதும் போவதும் அவளுக்குத் தெரியும். நல்ல கண் ஒன்று இருக்கிறதே.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று முதல் நாளே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா உடனே கிளம்பிடுவார் அத்தை. வர்ற வழியிலேயே அவருக்கு ஏதாவது ஆயிடும்" என்று அழுதாள். அழுதால் கண்ணுக்குக் கெடுதல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அழுகையை நிறுத்துவதற்காகவே தலையை ஆட்டினேன். நீங்கள் திருடி என்று சொல்லாமல் சொன்னபோதுகூட அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். இப்போது நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், நான் சொன்னதாகாது.

இனி விளக்கு விஷயம். சொட்டு மருந்து போட்டால் சின்ன வெளிச்சம்கூடக் கண்ணில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். விளக்கை அணைத்தால் பயப்படுகிறாள். இருட்டில் திரை மறுபடி இறங்குகிறதா என்று தெரியாதே என்கிறாள். டியூப் லைட்டுக்குத் துணி சுற்றிப் பார்த்தேன், மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தேன், எதுவும் சரிப்படவில்லை. அப்போது அவளே சொன்னாள். "அப்பா விளக்கைக் கழற்றி இங்க தலைகீழா மாட்டுங்க அத்தை. எனக்குத் தட்டம்மை வந்து கண்ணு கூசினப்ப அப்பா அப்படித்தான் மாட்டினார்" என்றாள்.

குப்புறப் படுத்தபடியே எந்தத் திருகை முதலில் கழற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மெயினை அணைத்துவிட்டு நான் மேசை மேல் ஏறினேன். என் பையன் என் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான், உங்கள் மாப்பிள்ளையின் வீரம் அவ்வளவுதான். மாட்டி விளக்கைப் போட்டதும் வெளிச்சம் கூரையில் பட்டு அறை முழுக்க மெத்தென்று இறங்கியது. அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகத் தூங்கினாள்.

நான் இப்போது டியூப் லைட்டில் தைக்கிறேன். அதில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிகிறது. ஒரு பள்ளிக்கூடத்துக் கருநீலக் கால்சட்டை முழுக்கக் கறுப்பு நூலில் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிக்காட்ட வேண்டாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஒன்று மட்டும் இன்னும் தெரியாது. விழித்திரை ஒட்டிவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் அந்தக் கண்ணில் பார்வை எவ்வளவு திரும்பும் என்பது குமிழ் முழுவதும் கரைந்த பிறகுதான் தெரியுமாம். எனக்கும் பயமாக இருக்கிறது. இதை இந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

சம்பந்தி


மார்ச் 27

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவளுக்குப் போன் செய்தேன், உங்களுக்குத் தெரியும். இரண்டு பேருமே கண்ணைப் பற்றிப் பேசவில்லை. பல்பு சூடாகிறதா, கை ஆடுகிறதா என்று விளக்கைப் பற்றியே பேசினோம். வைக்கும்போது, "அப்பா, அத்தையைத் திட்டாதீங்க" என்றாள். திட்டி முடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? சரிம்மா என்றேன். வைத்த பிறகு வெகுநேரம் அழுதேன்.

அந்தத் தட்டம்மை எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டிருந்தது. அவள் அம்மா இறந்துபோன வருஷம் அது. லீவில் வந்திருந்தேன். பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்பு, கண்ணைத் திறக்க முடியவில்லை, விளக்கை அணைத்தால் அம்மா எங்கே என்று கேட்டு அழுகை. சமாதானம் சொல்லத் தெரியாது எனக்கு. கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது, விளக்கைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். உடம்பு சரியானதும் நேராக்கினேன். அதோடு மறந்துவிட்டேன். அவள் இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறாள். அதே விளக்கைப் பார்த்து எவன் தலைகீழாக மாட்டினான் என்று நான் துள்ளிக் குதித்திருக்கிறேன்.

உங்களைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சத்தியத்துக்காகத் திருட்டுப் பட்டத்தைச் சுமந்தவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நன்றி என்பது போதவில்லை, அதையும் சொல்லிவைக்கிறேன்.

எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்றுதானே மறைத்தீர்கள். நேற்று டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, என் இதயத்தைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். இந்தச் செய்தியையே தாங்கிவிட்டது, இனி பயமில்லை என்றார். பயணத்துக்கு மட்டும் அடுத்த பரிசோதனை வரை பொறுக்கச் சொல்கிறார். பொறுக்கிறேன்.

ஒரே ஒரு குறை. விளக்கை நீங்கள் தொங்கவிட்டிருப்பது பள்ளிக்கூடப் பைக்குத் தைக்கிற தோள்பட்டை நாடாதானே? தயவு செய்து அதை மாற்றுங்கள். இரும்புச் சங்கிலி ஒன்று பார்சலில் வருகிறது.

அவள் கண்ணைப் பற்றி எந்தச் செய்தியானாலும் எனக்கு அப்படியே எழுதுங்கள். குறைத்து எழுத வேண்டாம்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 7

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

குறைக்காமல் எழுதுகிறேன், கேளுங்கள்.

குமிழ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைந்தது. பாட்டிலில் தண்ணீர் அசைவது போல ஒரு கோடு பார்வைக்குள் ஆடிக்கொண்டே இருக்கிறது என்பாள். அந்தக் கோட்டுக்கு மேலே என்ன தெரிகிறது என்று நான் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள். என் பையன் மட்டும் தினமும் காலையில் விரலை நீட்டி எத்தனை என்று கேட்டுத் திட்டு வாங்குவான். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். குமிழ் முழுக்கக் கரைந்துவிட்டது, இனி மல்லாந்து படுக்கலாம் என்றார் டாக்டர். பார்வை எப்படி என்று கேட்டேன். அங்கே எழுத்துப் பலகையில் பெரிய எழுத்துகளைப் படித்தாள், அப்புறம் தடுமாறினாள். மெதுவாகத் தெளியும், வீட்டில் கவனித்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். வருகிற வழியெல்லாம் பெரிய எழுத்தோடு நின்றுவிடுமோ என்றுதான் மூன்று பேருக்கும் யோசனை.

வீட்டுக்கு வந்ததும் நேரே போய்க் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். நான் சாப்பாடு எடுத்துவரப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு கூரையையே பார்க்கிறாள். தட்டைக் கீழே வைத்துவிட்டேன். வாசலிலேயே நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்து, "ஜன்னல் பக்கம் இருக்கிறதுதான் அப்பா செஞ்சது, அத்தை. மரை தெரியுது" என்றாள்.

சும்மா ஞாபகத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். நீங்கள் அனுப்பிய சங்கிலியில் மாற்றி மாட்டும்போது விளக்கு ஒரு சுற்று திரும்பிவிட்டது. முன்பு அந்தக் குவளை கதவுப் பக்கம் இருந்தது, இப்போதுதான் ஜன்னல் பக்கம். குப்புறவே கிடந்தவளுக்கு அது தெரிய வழியில்லை, கண்ணாடியில் வாசல் பக்கம் மட்டும்தான் தெரியும். நானே போய் அண்ணாந்து, கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தேன். ஜன்னல் பக்கம்தான். மரை இருந்தது.

மரையில் எத்தனை சுற்று என்றுகூடச் சொன்னாள். தட்டம்மை வந்து படுத்திருந்தபோது அதைத்தான் எண்ணிக்கொண்டே கிடந்தாளாம். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுதால் கண்ணுக்குக் கெடுதல் அத்தை என்று எனக்கே திருப்பிச் சொல்கிறாள், அவ்வளவு வாய். என் பையன் ஓடிவந்து விரலை நீட்டினான். அதற்கும் திட்டு வாங்கினான்.

இன்றைக்கு டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். மரையா, என்ன மரை என்றார். விளக்கினேன். இனி நீங்கள் கவலைப்படாமல் தைக்கலாம் என்றார். போனை வைத்துவிட்டுக் கடையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். இப்போது மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை.

பயணத்துக்கு அனுமதி கிடைத்ததும் வாருங்கள். விளக்கைக் கூடத்துக்கு மாற்ற வேண்டும், கருநீலத் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. நான் இனி மேசை மேல் ஏற மாட்டேன். உங்கள் மாப்பிள்ளையை நம்பி ஏற என்னால் முடியாது.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 11

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். எதிர்க்கடைக்காரருக்கும் படித்துக் காட்டினேன். என் டாக்டருக்குப் படித்துக் காட்டப் போன இடத்தில் பயணத்துக்கு அனுமதியும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை வருகிறேன். வெட்டுமேசையைக் காலி செய்து வையுங்கள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளட்டும், கீழே நின்று திருகுகளை வாங்கி வைத்தால் போதும்.

இன்னொரு விஷயம். கோபத்தில் அந்தப் பழம்பொருள் வியாபாரிக்கும் ஒரு கடிதம் எழுதியிருந்தேன், என் விளக்கு உன்னிடம் எப்படி வந்தது என்று. நேற்று அவரே நேரில் வந்துவிட்டார். அவருடைய விளக்கு வேறு ஏதோ கப்பலிலிருந்து வந்ததாம். நம்முடையதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இந்த ஒரு மாதத்தில் எனக்கு அது பழகிவிட்டது.

கிளம்பும்போது பையிலிருந்து பஞ்சில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அசல் குவளை. தேன் நிறம், உள்ளே குமிழ்கள், ஒரு கீறல் இல்லை. உடைந்த விளக்கு ஒன்றிலிருந்து கிடைத்ததாம். உங்கள் விளக்கில் ஜாம் பாட்டிலைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம், முழு விளக்கை ஒரு படம் எடுத்து என் புத்தகத்தில் போட்டுக்கொள்கிறேன், அது போதும் என்றார். இதைத்தான் அம்மா நான் ஊர் ஊராகத் தேடினேன். கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவ்வளவு அழகு.

மறுபடியும் பஞ்சில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஜாம் பாட்டில் இருக்கிறவரை அந்த விளக்கு முழுமையாகாது ஐயா என்று வருத்தப்பட்டார். என் மகளுக்குக் கண் தெரிகிறது என்பதை முதலில் சொன்னதே அந்த ஜாம் பாட்டில்தான் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பெட்டி கட்ட வேண்டியிருந்தது.

வந்ததும் விளக்கை நேராக்கி உங்கள் மேசைக்கு மேலே மாட்டித் தருகிறேன். ஐந்தாவது குவளை மட்டும் பாப்பா உட்காருகிற பக்கமாக இருக்கும்.

உங்கள் சம்பந்தி